கண் வைக்காத பாம்பு

மாயக்காளின் இடது முன்கையில் இரண்டு பாம்புகள் இருந்தன. முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே வாலைத் தொடங்கி, ஒன்றையொன்று ஏழு சுற்றுச் சுற்றி ஏறி, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முகத்தோடு முகம் பார்த்தபடி நின்றன. பார்த்தபடி என்று சொல்வது தப்பு. இரண்டுக்கும் கண் கிடையாது. படம் உண்டு, பிளந்த நாக்கு உண்டு, செதிலுக்கு வரிவரியாகக் கோடு உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தோல் வெறும் தோலாகவே இருந்தது. தேவாரம் ஊரில் அவள் பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள்கூட, குருட்டுப் பாம்புக்காரி என்றால் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தது யார் என்று தெரிந்தால் நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம். ஆனால் இம்மாதிரிப் பெயர்களை வைத்தவர்கள் ஒருநாளும் அகப்பட மாட்டார்கள்.

அவளுக்குச் சொந்த ஊர் கோம்பை. பதினாறு வயதில், 1927இல், சுருளியாண்டிக்கு வாக்கப்பட்டுத் தேவாரத்துக்கு வந்தாள். மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், ஒரு சோடி மாடு, வாய்த்துடுக்கான மாமியார். இவ்வளவுதான் அந்த வீடு. சுருளியாண்டி நல்ல மனிதன்தான். என்ன, மாட்டிடம் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேசமாட்டான். சோறு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பான், இல்லையென்றால் கேட்கமாட்டான். மாயக்காள் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள்.

முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தது. இரண்டாவது பன்னிரண்டு நாள் இருந்தது. மூன்றாவது ஆண் பிள்ளை. அவன் நாற்பத்தொரு நாள் இருந்தான். முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தான். பேர் வைக்கிற சடங்கு தள்ளிப் போய்க்கொண்டிருந்ததால் ஊருக்கு அவன் பேரில்லாத பிள்ளை. மாயக்காள் மட்டும் மனசுக்குள் அழகர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பொழுதுக்கும் இழுப்பு வந்து, மறுநாள் காலையில் அவனும் போய்விட்டான்.

பிள்ளை போன வீட்டில் மற்றதெல்லாம் நின்றுவிடும், பால் மட்டும் நிற்காது. அதைப்போலக் கொடுமை வேறு இல்லை. குடிக்க வாயில்லை என்பது மாருக்குத் தெரியவில்லை. வேளை தவறாமல் கட்டிக்கொண்டது, வலித்தது, சேலையை நனைத்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மாமியார் பூ வாங்கிக் கட்டினாள். வாசத்தோடு அழுதுகொண்டு ஒரு வாரம் கிடந்தாள் மாயக்காள்.

அந்த நிலையில்தான் பச்சை குத்துகிற ராக்கம்மாள் தெருவுக்குள் வந்தாள். தை அறுப்பு முடிந்தால் அவள் பள்ளத்தாக்குப் பக்கம் வந்துவிடுவாள். தேனி தொடங்கிக் கம்பம் வரைக்கும் ஊர் ஊராகப் போவாள். கூடையில் ஊசியும் மைச் சிரட்டையும் இருக்கும். என்னென்ன படம் போடுவாள் என்று கேட்டால் தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவாள். தோள் முதல் விரல் வரைக்கும் அங்கேதான் எல்லாம் இருந்தன. தேள், மீன், தொட்டில், புள்ளிக் கோலம், அப்புறம் பாம்பு.

பாம்பிலேயே மூன்று விதம் வைத்திருந்தாள். படம் விரித்த ஒற்றைப் பாம்பு காவலுக்கு. தண்ணீர் பாய்ச்சப் போகிற ஆண்கள் கெண்டைக்காலில் போட்டுக்கொள்வார்கள், வரப்பில் கிடக்கிற பாம்பு பார்த்துவிட்டு விலகிப் போகும் என்று. தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு வட்டமாகக் கிடக்கிற பாம்பு, போனது திரும்பி வரும் என்பதற்கு. கண்டிக்கும் கொழும்புக்கும் புருஷனை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் அதைப் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது பிணைநாகம். அரசமரத்தடி நாகர் கல்லில் இருக்கிற அதே இரண்டு பாம்பு. அது பிள்ளைக்கு.

ராக்கம்மாள் வாசலில் கூடையை இறக்கிவிட்டு மாயக்காளைப் பார்த்தாள். "என்ன தாயி, மாராப்பு நனைஞ்சு கிடக்கு. பிள்ளை தூங்குதாக்கும்?"

மாயக்காள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மாமியார்தான் சொன்னாள். "மூணாவதும் போயிருச்சு. பிள்ளை போயிருச்சு, பால் போவேனாங்குது."

ராக்கம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் பெற்றுப் பறிகொடுத்தவள்தான். பிறகு தன் கையிலிருந்த பிணைநாகத்தைக் காட்டினாள். "இதைப் போட்டுக்க தாயி. வெறும் தண்ணியில கொழைச்ச மை இதுக்கு ஆகாது. தாய்ப்பால் வேணும். வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கணும். உனக்குத்தான் உன்கிட்டயே இருக்கே."

மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் வைத்துச் சுருட்டித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தக் கரியில் மாயக்காள் தன் பாலைப் பீய்ச்சினாள். அழகர் குடிக்க வேண்டிய பால். மூன்று ஊசியைச் சேர்த்துக் கட்டி ராக்கம்மாள் குத்தத் தொடங்கினாள். வலிக்குதா என்று கேட்டதற்கு மாயக்காள் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். ஊசியெல்லாம் ஒரு வலியா என்று நினைத்திருப்பாள்.

"ரெண்டும் யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு. வேற யாரு?" என்றாள் மாமியார்.

"அப்படியும் சொல்வாக," என்றாள் ராக்கம்மாள். "தாயும் பிள்ளையும்னும் சொல்வாக. நீ யாருன்னு நினைக்கிறயோ அவுகதான் தாயி. ஒண்ணு மட்டும் மனசுல வையி. சாகிறப்ப காதுல கிடக்கிறதைக் கழட்டிக்குவாக, கழுத்துல கிடக்கிறதையும் கழட்டிக்குவாக. கூட வாரது இது ஒண்ணுதான். அங்கன நம்ம சனம் நம்மளை அடையாளம் கண்டுக்கிறது இதை வச்சுத்தான்."

எல்லாம் முடிந்தது. கண் மட்டும் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது ராக்கம்மாள் சொன்னாள்: "சாமி செலைக்கு எப்பக் கண் தெறக்கிறாக? கடைசியிலதான? இதுக்கும் அப்படித்தான். உனக்குப் பிள்ளை பெறந்து, ஒரு வருசம் தங்கி, எந்திரிச்சு நிக்கட்டும். அந்தப் பிள்ளை குடிக்கிற பாலுல மை கொழைச்சு நானே வந்து கண் வப்பேன். அதுக்கு முன்ன வச்சா பாம்பு கையை விட்டு எறங்கிப் போயிரும்."

அது 1934ஆம் வருஷம். அன்றிலிருந்து மாயக்காளுக்கு வாழ்க்கையில் ஒரே காரியம்தான், அந்த நாலு கண். குளிக்கும்போதும் களை எடுக்கும்போதும் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றினாள். சனிக்கிழமையில் குச்சனூருக்கு நடந்துபோய் எள் விளக்குப் போட்டாள். மூன்று வருஷம் ஓடியது. ஒரு மாதம்கூடத் தள்ளிப் போகவில்லை.

மகனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைக்க வேண்டும் என்று மாமியார் ஜாடையாகப் பேசத் தொடங்கினாள். பிறகு நேராகவே பேசினாள். சுருளியாண்டி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காக மாயக்காள் ஒரு மாதம் காத்திருந்தாள். அது வராது என்று தெரிந்த அன்று குளித்துத் தலையை முடிந்துகொண்டு கோம்பைக்குக் கிளம்பினாள், தன் கூடப் பிறந்த தங்கச்சி பவுனைப் பெண் கேட்க.

வெளியாள் ஒருத்தி வந்தால் தனக்கு அந்த வீட்டில் அடுப்பும் சாணிக்கூடையும்தான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டாள். தங்கச்சி என்றால் அவள் பிள்ளை தன் பிள்ளை. பவுனு அவளுக்கு ஒன்பது வயது இளையவள். மாயக்காள்தான் அவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். மூக்குச் சிந்திவிட்டதும் பேன் பார்த்ததும் அக்காதான். விஷயத்தைக் கேட்டபோது பவுனு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீ என்னக்கா சொல்ற? வரவா?"

"வா தாயி."

"அப்ப வாரேன்."

கல்யாணத்தன்று தங்கச்சிக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டது மாயக்காள்தான். பார்த்தவர்கள் எல்லாம் இப்படியும் ஒருத்தியா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். அவளும் பெருமையாகத்தான் இருந்தாள். சடங்கு முடிந்ததும் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் மாமியார் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அப்போதுகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. பவுனு அவளைக் கேட்காமல் ஒரு உப்புக்கல்லைக்கூட எடுக்கமாட்டாள். புருஷனுக்குச் சோறு போடும்போதும், "அக்கா, நீ போடு" என்று கரண்டியை நீட்டுவாள்.

கோபம் வந்தது அடுத்த தை மாதம். ராக்கம்மாள் வந்து கூடையை இறக்கியதும் பவுனு ஓடிப்போய் எதிரில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். "எனக்கும் அக்கா கையில இருக்கிறது மாதிரியே போடு. அச்சு அசலா இருக்கணும்."

பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மாயக்காளுக்கு அது காதில் விழுந்தது. உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. புருஷனைக் கொடுத்தபோது எரியாதது, பாயைச் சுருட்டியபோது எரியாதது, இப்போது எரிந்தது. இது மனசு செய்கிற கூத்து. பெரிசையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒரு சின்னப் பொருளில் வந்து சண்டைக்கு நிற்கும். சாம்பல் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"ஒரு வீட்டுல ரெண்டு பிணைநாகம் ஆகாது," என்றாள். "ஒண்ணை ஒண்ணு கொத்திக்கிரும். குடும்பத்துக்கு ஆகாது. இல்லையா ராக்கம்மா?"

அப்படி ஒரு சாத்திரம் எந்த ஊரிலும் இல்லை. மாயக்காள் அந்த நிமிஷத்தில் தன் வாயால் உண்டாக்கியது. ராக்கம்மாள் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். ஊசியைத் துணியில் துடைத்தாள்.

"வீட்டுக்குப் பெரியவ சொன்னா அதுதான்," என்றாள்.

பவுனு சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா கையில இருந்தா என்ன, என் கையில இருந்தா என்ன. எல்லாம் ஒண்ணுதான்," என்றாள். கூடைக்குக் கொஞ்சம் கம்பு கொண்டுவந்து போட்டு, ராக்கம்மாளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வேறு படம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கை வெறுங்கையாகவே இருந்தது.

பொய் சொன்னவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது ஒரு வருஷமாயிற்று. அதற்குள் பவுனு முழுகாமல் இருந்தாள்.

அந்த மாதங்களில் மாயக்காள் அவளைத் தரையில் நடக்கவிடவில்லை. குடத்தைத் தொடக்கூடாது, குனியக்கூடாது. புளி கேட்டால் புளி, சாம்பல் கேட்டால்கூடச் சாம்பல். மனசாட்சி உறுத்துகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்வார்கள். 1939இல், எங்கேயோ சீமையில் சண்டை தொடங்கிவிட்டது என்று உத்தமபாளையத்துக்குச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நாளில் பவுனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல அழுகை, நல்ல நிறை. மாயக்காள் அதைக் கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி குலவை போட்டாள்.

ஐந்தாம் நாள் பவுனுக்குக் குளிர் கண்டது. ஏழாம் நாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. மருத்துவச்சி கசாயம் கொடுத்தாள். சுருளியாண்டி வண்டி கட்டிக்கொண்டு போய் உத்தமபாளையத்திலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தான். அவர் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தாயிடம் விடவேண்டாம் என்றும், இனிமேல் சாமி விட்ட வழி என்றும் சொன்னார். எதிர்வீட்டுச் சண்முகத்தாய்க்குக் கைப்பிள்ளை இருந்தது. அவள் இந்தப் பிள்ளையையும் இன்னொரு பக்கம் போட்டுக்கொண்டாள்.

"நாகருக்கு வேண்டி வந்த பிள்ளை. கையில அதை வாங்காமப் பெத்தா இப்படித்தான். மூத்தவ போட்டிருக்கா, உசுரோட இருக்கா. இவளுக்குக் காவல் எது?" என்று மாமியார் வாசலில் உட்கார்ந்து புலம்பினாள். யாரையும் குத்திக்காட்டிச் சொன்னதல்ல. ஆனால் மாயக்காள் காதில் அது ஊசியைவிட ஆழமாக இறங்கியது. தான் மறித்த மறிப்புத்தான் தங்கச்சியைக் காவு வாங்குகிறது என்று அவள் நம்பினாள். காய்ச்சலுக்கும் பச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் கேட்கலாம். அவளிடம் போய் அதை யார் கேட்பது?

ஒன்பதாம் நாள் காலையில் பவுனுக்குத் தெளிவு வந்தது. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. மாயக்காள் சின்னக் கிண்ணத்தை எடுத்துவந்து, தங்கச்சியைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, நோகாமல் பாலைப் பீய்ச்சி எடுத்தாள். கிண்ணம் பாதி நிறைந்தபோது பவுனு அவள் கையைத் தடவினாள். பாம்பின் மேல் விரல் போயிற்று.

"அக்கா. இந்தப் பாலைக் கொட்டிராத. ராக்கம்மாளைக் கூப்பிட்டு விட்டு உன் பாம்புக்குக் கண் வச்சுக்க."

மாயக்காள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் உன்கிட்ட ஒரு பொய் சொன்னேன் பவுனு," என்றாள். "ரெண்டு ஆகாதுன்னு எந்தச் சாத்திரமும் இல்ல. எனக்குப் பொறுக்கல. நானாத்தான் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போனேன்ல. ராக்கம்மா சொல்லிருச்சு. வேணும்னா இங்கனயே உக்காரு, போட்டு விடுதேன்னுச்சு." பவுனு மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான்தான் வேணாம்னுட்டேன். உனக்குன்னு இந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் பங்கு கேக்கக் கூடாதுன்னு வந்துட்டேன்."

மாயக்காள் தங்கச்சியின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா எதற்கு அழுகிறாள் என்று தெரியாதவள்போலப் பவுனு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

குளிப்பாட்டிப் புதுச்சேலை சுற்றி நடுவீட்டில் கிடத்தினார்கள். தோட்டைக் கழற்றினார்கள், மூக்குத்தியைக் கழற்றினார்கள். வெறுங்கை இரண்டும் இரண்டு பக்கம் கிடந்தன. மாயக்காள் எழுந்து உள்ளே போனாள். விளக்குமாடத்துக் கரியை விரலால் வழித்தாள். காலையில் எடுத்து மூடி வைத்திருந்த பாலில் அதைக் குழைத்தாள். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்து தங்கச்சியின் இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஏ மாயக்கா, என்ன காரியம் பண்ணுற? செத்த உடம்புல பச்சை ஏறுமா?" என்று யாரோ ஒருத்தி சத்தம் போட்டாள்.

வாய்த்துடுக்கான அந்த மாமியார்தான் கையைக் காட்டி அவளை அடக்கினாள். "விடுங்க. போடட்டும்," என்றாள்.

தன் கையைப் பார்த்துப் பார்த்துத் தங்கச்சி கையில் வரைந்தாள். வால், சுற்று, செதில். ஏழு சுற்று வரவேண்டும், ஆறுதான் வந்தது. கண்ணீர் விழுந்து ஓரிடத்தில் கரைந்துவிட, அங்கே திரும்பவும் வரைந்தாள். படம் போட்டாள், நாக்குப் போட்டாள். கடைசியில் ஈர்க்கின் நுனியை நன்றாகத் தோய்த்து நாலு கண்ணையும் வைத்தாள். பெற்றவள் பாலில் குழைத்த மை. ஒரு குறையும் இல்லை. காய்கிறவரைக்கும் குனிந்து ஊதினாள், பிள்ளைக்குக் காயத்தில் ஊதுகிற மாதிரி. பிறகுதான் எடுக்கவிட்டாள்.

பிள்ளைக்குச் சின்னப்பவுனு என்று பேர் வைத்தார்கள். சண்முகத்தாய் ஆறு மாதம் பால் கொடுத்தாள், பிறகு ஆட்டுப்பால். சில நேரம் பிள்ளை அழுகையை நிறுத்தாதபோது மாயக்காள் கதவைச் சாத்திக்கொண்டு தன் வறண்ட மாரில் அதைப் போடுவாள். அது கொஞ்சம் சப்பிப் பார்த்துவிட்டு ஏமாந்து இன்னும் கூடுதலாக அழும். இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள்.

ஒரு வருஷம் முடிந்து பிள்ளை சுவரைப் பிடித்து நின்றது. போன தையில் வராதிருந்த ராக்கம்மாள் இந்தத் தையில் வந்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். போகும்முன் கேட்டாள். "பெத்தாத்தான் தாயா? பிள்ளை நிக்குதுல்ல. வேற பால் வாங்கிக் கண் வச்சு விடவா?"

"வேணாம்," என்றாள் மாயக்காள். ராக்கம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

சின்னப்பவுனு முதலில் பேசிய வார்த்தை ஆத்தா. அதை மாயக்காளைப் பார்த்துச் சொன்னாள். ஊரில் யாரும் திருத்தவில்லை. மாமியார் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், பிள்ளை காதில் எதையாவது போட்டீர்கள் என்றால் நடக்கிறதே வேறு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வம்புக்குப் பேர்போன அந்தத் தெரு ஏழு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. ஊர் என்றால் சும்மா இல்லை, சமயத்தில் இப்படியும் இருக்கும். அந்த ஏழு வருஷத்தில் சண்டைக்காலத்துப் பஞ்சம் வந்தது, துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தது. மாமியார் கண் மூடினாள். மாயக்காளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. வயலிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே "ஆத்தோவ்!" என்று ஓடிவருகிற ஒரு குரல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே சில நாள் வேண்டுமென்று சுற்றுவழியில் வருவாள்.

1946இல், புரட்டாசியில் ஒரு மத்தியானம், களையெடுத்துவிட்டு வந்து அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். கையில் ஏதோ குறுகுறுத்தது. விழித்துப் பார்த்தால், சின்னப்பவுனு மைச்சிமிழோடு பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் நாலாவது புள்ளியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாத ஆத்தா. முடிஞ்சிருச்சு."

மாயக்காள் கையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பாம்பும் அவளைப் பார்த்தன. பன்னிரண்டு வருஷம் குருடாகக் கிடந்தவை. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னால் கண்டதில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள்.

"சண்முகத்தாய் அத்தைகிட்டக் கேட்டேன்," என்றாள் சின்னப்பவுனு. "உன் பாம்புக்கு ஏன் கண்ணு இல்லைன்னு. பிள்ளை பெறந்து தங்குனாத்தான் வைப்பாகன்னு சொன்னாக. அதான் நான் இருக்கேன்ல. தங்கிட்டேன்ல. அப்புறம் என்ன?"

அதற்குப் பதில் சொல்லச் சுலபமான வழி ஒன்று இருந்தது. ஆமாம் என்று சொல்லிக் கண்ணை வாங்கிக்கொள்ளலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மாயக்காளுக்குக் காதில் பவுனின் குரல் கேட்டது. அதுலயும் பங்கு கேக்கக் கூடாதுன்னு வந்துட்டேன். பவுனு இந்தக் கையில் இருந்ததைத் தொடாமல் போனாள். அவளுக்கென்று பூமியில் மிஞ்சியது ஆத்தா என்கிற அந்த ஒரு வார்த்தை. அதை ஏழு வருஷமாகத் தான் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

முந்தானையை நனைத்துப் பாம்புகளின் கண்களைத் துடைத்தாள். ஒவ்வொன்றாகத்தான் துடைத்தாள். சின்னப்பவுனுக்கு உதடு பிதுங்கியது.

"அழாத. இங்கன உக்காரு," என்று மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டும் யாரு தெரியுமா? இது நானு. இது என் தங்கச்சி, உன் பேருக்காரி. அவதான் உன்னைப் பெத்தா. உன்னைப் பெத்துட்டுச் செத்துப்போனா."

எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள், ஈர்க்கால் வரைந்ததையும் சொன்னாள்.  முடிந்த பிறகு சின்னப்பவுனு இரண்டு பாம்பின் மேலும் விரலை ஓட்டினாள்.

"எங்க ஆத்தா பாம்புக்குக் கண்ணு இருக்கா?"

"இருக்கு. நாலு கண்ணும் இருக்கு. அதுனால நான் அங்கன போற அன்னைக்கு அவதான் என்னைத் தேடிக் கண்டுபிடிக்கணும். எனக்குக் கண்ணு தெரியாது."

"கண்டுபிடிப்பாகளா?"

"பிடிப்பா. நான் வான்னா வாரவ அவ."

எங்க ஆத்தா என்று பிள்ளை சொன்னதை மாயக்காள் கவனித்தாள். அது தன்னை இல்லை என்பதும் விளங்கியது. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று சொன்னாளே தவிர, சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் புல்லுக்கட்டோடு திரும்பி வந்தாள். சுற்றுவழியில்தான் வந்தாள். தெருமுனையில் கால் கொஞ்சம் தயங்கியது. சின்னப்பவுனு வழக்கம்போல ஓடிவந்தாள். பாதி வழியில் நின்று, பெற்றவளின் அக்காளை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பொய் பேசத் தெரியாத பிள்ளை. அவள் தாயும் அப்படித்தான்.

"பெரியாத்தா," என்றாள். "கட்டை இங்கன குடு, நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன்."

மாயக்காள், "பிடி தாயி," என்றாள்.